உதகையில் கடற்பூஞ்சையின் கொழுப்பு அமிலங்களை அளக்கும் முறை

மார்கழியில் உதகை வீடுகளில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் கல்லாக உறைந்திருக்கும். அதன் பக்கத்திலேயே நல்லெண்ணெய் தெளிவாக இருக்கும். நல்லெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி என்பதே காரணம். பூஞ்சையும் குளிர்ந்தால் தன் செல்சவ்வு விறைக்காதிருக்க இரட்டைப் பிணைப்புகளைக் கூட்டிக்கொள்கிறது. ஆகவே பிச்சாவரத்து அலையாத்தி மரத்துண்டிலிருந்து பிரித்த பூஞ்சையை இங்கே மேசைமேல் வைத்து வளர்த்தால், நாம் அளப்பது உதகையின் குளிராகவே இருக்கும். வெப்பநிலையை மாறாமல் வைக்கும் இன்குபேட்டரில் 25 பாகை செல்சியஸில் வளர்த்து, எல்லாக் குடுவைகளையும் ஒரே வயதில் எடுக்க வேண்டும். ஓர் ஆடி மழையில் இரண்டு இரவு மின்சாரம் நின்றதைப் பொருட்படுத்தாமல் எடுத்த பூஞ்சை இழைகளில், மூன்று இரட்டைப் பிணைப்புள்ள லினோலெனிக் அமிலம் ஏறியிருந்ததால், அவை அனைத்தையும் நான் கழிக்க நேர்ந்தது.

பாதி கடல்நீர், பாதி வடிநீர், சிறிது குளுக்கோஸ், ஈஸ்ட் சாறு ஆகியவை ஊடகத்துக்குப் போதும். ஊடகத்தை அழுத்த நீராவியால் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவில் மட்டும் கவனம் தேவை: சமவெளியில் 121 பாகை தரும், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு என்ற அழுத்தம், உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 117 பாகையே தரும். கலன் தாங்குமானால் 18, 19 பவுண்டு வரை ஏற்றலாம். தாங்காதெனில் நேரத்தை நீட்டுவதே நல்லது.

இழைகளை வடிகட்டி, உப்பு எடையில் சேராதபடி குளிர்ந்த வடிநீரில் விரைவாக அலசி, உறைநிலையில் உலர்த்துக. சூட்டடுப்பில் உலர்த்தினால் நிறைவுறா அமிலங்கள் ஆக்சிஜனேற்றமடையும்.

கொழுப்பைப் பிரிக்க, பிளை (Bligh), டையர் (Dyer) என்ற ஆய்வாளர்கள் 1959-இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. குளோரோஃபார்ம் 1, மெத்தனால் 2, நீர் 0.8 என்ற கலவையில் இழைகளை அரைத்து, மற்ற அமிலங்களின் அளவை ஒப்பிட்டுக் கணக்கிட, எடையறிந்த ஹெப்டாடெகனாயிக் அமிலத்தை (17 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம்) அளவுகோலாகச் சேர்க்க வேண்டும். பிறகு குளோரோஃபார்மும் நீரும் ஒவ்வொரு பங்கு ஊற்றினால் கலவை இரண்டு அடுக்காகும். கீழடுக்கில் கொழுப்பு இருக்கும். அதை நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்துக.

அடுத்து, கொழுப்பு அமிலங்களை எளிதில் ஆவியாகும் மெத்தில் எஸ்டர்களாக மாற்ற, அமிலம் கலந்த மெத்தனாலில் சூடாக்க வேண்டும். மெத்தனால் இவ்வுயரத்தில் 60 பாகைக்குக் கீழேயே கொதிப்பதால், திறந்த குடுவையில் சூடாக்கினால் ஆவியாகித் தீர்ந்துவிடும். ஒரு விழுக்காடு கந்தக அமிலம் கலந்த மெத்தனாலைச் சிறிது டொலுவீனுடன் சேர்த்து, இறுக மூடிய திருகுமூடிக் குழாயில் 50 பாகையில் இரவு முழுவதும் வைப்பதையே நான் விரும்புகிறேன். காலையில் உப்புநீர் சேர்த்து, மெத்தில் எஸ்டர்களை ஹெக்சேனில் எடுத்து, அவற்றை ஆவிநிலையில் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஓர் உச்சியாகக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபில் செலுத்தலாம்.

பெரும்பாலான பூஞ்சைகளில் பால்மிட்டிக், ஒலியிக், லினோலியிக் அமிலங்களின் உச்சிகளே ஓங்கி நிற்கும். 22 கார்பனும் ஆறு இரட்டைப் பிணைப்பும் கொண்ட டி.எச்.ஏ. பெரிய உச்சியாக எழுந்தால் மகிழ்ந்துவிடாமல், குடுவையிலிருந்து ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள்: பூஞ்சை போலத் தோன்றினும் பூஞ்சை இனத்தைச் சேராத, டி.எச்.ஏ.வை மிகுதியாக உண்டாக்கும் திராஸ்டோகைட்ரிடுகள் என்ற கடல் நுண்ணுயிர்கள் அதில் புகுந்திருக்கக்கூடும்.