ஓட்டை வண்டியில் நண்பனோடு நெடுந்தூரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கே நிற்கும் என்று தெரியாத வண்டியை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் கிளம்புவதே தவறு என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. இருப்பது அந்த ஒரு வண்டி, வருவதற்கு நண்பர் தயார், விடுமுறையும் கிடைத்துவிட்டது, போகத்தான் போகிறீர்கள். சரி, போவது என்று ஆனபின் எதையெல்லாம் செய்யாமல் இருக்கலாம் என்று பார்ப்போம்.

பழைய வண்டி பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் நிற்பதில்லை. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறும், எச்சரிக்கை விளக்கு எரியும், ஏதோ கருகும் வாடை வரும், சத்தம் மாறும். அதற்குப் பிறகுதான் நிற்கும். நடுவில் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் சின்னச் செலவு பெரிய செலவாகிறது. ஓட்டுபவர் பார்த்துவிட்டும் சொல்ல மாட்டார், தன் வண்டியின் மானம் போகிறதே என்று. பக்கத்தில் இருப்பவருக்கு என்னமோ சரியில்லை என்று தோன்றும். ஆனாலும் ‘அவன் வண்டி, அவனுக்குத் தெரியாதா’ என்று இருந்துவிடுவார். வண்டி நின்றுபோன கதைகளைக் கேட்டுப் பாருங்கள், பாதிக் கதைகளில் இந்தக் கூச்சம் இருக்கும்.

வண்டியின் குறைகளை மறைப்பது

நண்பரை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்ற ஆசையில் ‘வண்டியெல்லாம் சூப்பரா இருக்கு’ என்று சொல்லிவிடுவது முதல் தவறு. காலையில் செல்ஃப் எடுக்க இரண்டு மூன்று தடவை ஆகும், நெரிசலில் இன்ஜின் சூடாகும், இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும், ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். இப்படி வண்டிக்காரருக்கு மட்டுமே தெரிந்த சங்கதிகள் நிறைய இருக்கும். பாதி வழியில் ஸ்டியரிங்கை வாங்கப் போகிறவருக்கு அவை தெரியாவிட்டால், எது வண்டியின் வழக்கம், எது புதுக் கோளாறு என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியாது. கிளம்புவதற்குச் சில நாள் முன்பே அவரை அரை மணி நேரம் ஓட்டவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒன்று மட்டும்: பிரேக், ஸ்டியரிங், டயர் மூன்றில் எதில் குறை இருந்தாலும் அது சொல்லிவிட்டுப் போகிற குறை இல்லை. சரிசெய்யாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

பணப் பேச்சையும் அப்போதே முடித்துவிட வேண்டும். எரிபொருளைப் பங்கு போடுவதில் யாருக்கும் சிக்கல் வராது. கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்லும் நேரத்தில்தான் இருவரும் வானத்தைப் பார்ப்பார்கள். என் கணக்கு இது: பங்க்சர், கட்டி இழுக்கும் செலவு, தங்கும் செலவு எல்லாம் பயணத்தின் செலவு, இருவருக்கும் பாதிப் பாதி. எப்படியும் தேய்ந்து போயிருக்கும் பாகம் வண்டிக்காரர் செலவு, அது நண்பர் உட்கார்ந்திருந்ததால் தேயவில்லை. உங்களுக்கு வேறு கணக்கு சரியென்று பட்டால் அப்படியே வையுங்கள். ஏதோ ஒன்றைக் கிளம்பும் முன் பேசிவிட்டால் போதும்.

1903-ல் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற மருத்துவர், காரில் 90 நாளுக்குள் அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்க முடியும் என்று 50 டாலர் பந்தயம் கட்டினார். அவரிடம் அனுபவமும் இல்லை, சொந்தக் காரும் இல்லை. வாங்கியது ஏற்கெனவே ஓடிய ஒரு வின்டன் கார். ஆனால் கூடப் போக அவர் தேர்ந்தெடுத்தவர் சீவல் குரோக்கர், வண்டி வேலை தெரிந்தவர். டயர்கள் கிழிந்தன, பாகங்கள் உடைந்தன, உதிரிபாகம் வந்துசேரும்வரை ஊர் ஊராகக் காத்துக் கிடந்தார்கள். ஆனாலும் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு 63 நாளில் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ஒரு நாயையும் வாங்கி, புழுதிக்கு அதற்கும் கண்ணாடி மாட்டிவிட்டார்கள் என்பது கூடுதல் செய்தி. காத்திருப்பதற்கும் சேர்த்தே அவர்களிடம் நாள் இருந்தது. நாம் செய்வது நேர்மாறு: நல்ல வண்டிக்கே இறுக்கமாக இருக்கும் நேரக் கணக்கை ஓட்டை வண்டிக்குப் போடுகிறோம். போய்ச் சேரும் நாளன்று மாலையே கல்யாணமோ நேர்முகத் தேர்வோ இருந்தால் ரயிலில் போய்விடுங்கள்.

முந்தைய நாள் சர்வீஸ்

இது நல்ல பழக்கம்போலத் தெரியும். ஆனால் கை வைத்த இடம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். புது ஹோஸின் கிளிப் சரியாக இறுகாமல் இருக்கலாம், ஆயில் ஃபில்டர் கசியலாம், மாற்றிய பெல்ட் கொஞ்சம் தளரலாம். அதெல்லாம் முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே தெரிந்துவிடும். அந்தச் சில நூறு கிலோமீட்டர் உங்கள் வீட்டைச் சுற்றி இருக்கட்டும். இரண்டு வாரம் முன்பே வேலையை முடித்து, தினசரி ஓட்டி, பிறகு கிளம்புங்கள்.

டயரில் பட்டன், அதாவது தரையில் படும் மேடு பள்ளம், தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் ‘DOT’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையில் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரமும் ஆண்டும்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அதிகம் ஓடாத வண்டியில் பட்டன் புதிதுபோல இருக்கும், ரப்பர் கிழடாகிவிட்டிருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள். பல வண்டிகளில் அதற்குக் கடைசியாகக் காற்று அடித்தது யாருக்கும் நினைவிருக்காது. ஜாக்கி இருக்கிறதா, வீல் ஸ்பேனர் அந்த நட்டுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

இன்ஜினுக்குள் டைமிங் பெல்ட் உள்ள வண்டியாக இருந்து, அதை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றிவிட்டே கிளம்புங்கள். இவ்வளவு நேரம் அறிகுறி அறிகுறி என்றேனே, அதற்கு இது விலக்கு. முன்கூட்டி எதுவும் சொல்லாமல் அறுந்துவிடும். பல இன்ஜின்களில் அது அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து வால்வுகளை இடித்து வளைத்துவிடும்.

முள் ஏறும்போது இன்னும் கொஞ்சம் தூரம்

வழியில் நடக்கும் தவறுகளில் அதிகச் செலவு வைப்பது இதுதான். பேச்சு இப்படித்தான் போகும்.

“டேய், முள்ளு மேல ஏறுது பாரு.”

“ஏத்தத்துல அப்படித்தான் காட்டும். இறங்கினா சரியாயிடும்.”

இறங்கும்வரை தாங்காது. இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் அதன் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் நெளியும், அதற்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போய்விடும். அதன்பின் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்கும், அல்லது வெள்ளைப் புகையாக வெளியே போகும். ஒரு ஹோஸ் மாற்றினால் தீர்ந்திருக்கும் விஷயம் இன்ஜினைப் பிரிக்கும் வேலையாக மாறுவது கடைசி சில கிலோமீட்டரில்தான்.

முள் வழக்கமான இடத்தைத் தாண்டிய உடனே ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும், அதன் ஃபேனை முழு வேகத்திலும் வையுங்கள். கொளுத்தும் வெயிலில் ஹீட்டரா என்று நண்பர் கேட்பார். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை அது உங்கள் முகத்தில் அடிக்கும். ஜன்னலைத் திறந்துகொண்டு, பாதுகாப்பாக ஒதுங்க இடம் கிடைக்கும்வரைதான் இந்த வைத்தியம். முள் சிவப்புக்குப் போய்விட்டால் அதற்கும் நேரமில்லை, ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். இன்னொன்று: ஏறிய முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் முழுவதும் ஒழுகிப்போய், சென்சாரைச் சுற்றி வெறும் காற்று இருந்தாலும் முள் இறங்கும்.

நிறுத்தியபின் அடுத்த தவறு, பானெட்டைத் திறந்த கையோடு ரேடியேட்டர் மூடியைத் திருகுவது. இதில் பிழைத்தவர்கள் கையில் தழும்பு இருக்கும். மூடி உள்ளே சுமார் ஒரு பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 120 டிகிரி அளவில்தான் கொதிக்கும். மூடி திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடும், 100 டிகிரிக்கு மேல் இருந்த தண்ணீர் அப்படியே ஆவியாகி முகத்துக்கு வரும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், சூடில்லாமல், அமுக்கினால் மெத்தென்று இருக்க வேண்டும். அப்போதும் கனமான துணியை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெதுவாகத் திருகுங்கள். அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றலாம், ஆனால் சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். அந்த அரை மணி நேரத்தில் விரலும் காலும் துறுதுறுவென்று இருக்கும் நண்பரைத் தூரமாக உட்கார வைப்பது உங்கள் பொறுப்பு.

இதற்கெல்லாம் முன்பாகவே ஓர் ஒப்பந்தம் வேண்டும்: இருவரில் யார் ‘நிறுத்து’ என்றாலும் வண்டி நிற்கும், ஏன் என்ற கேள்வி நின்றபின்தான். வண்டி யாருடையது என்பது இதில் வராது.

சிவப்பு விளக்குகள்

ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒதுங்கி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் பேரிங்குகளைத் தின்கிறது. சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். பல கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே சுமார் ஒரு லிட்டர். பயத்தில் மேல் கோட்டையும் தாண்டி ஊற்றினாலும் கெடுதல்தான், கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

பேட்டரி விளக்கு வேறு ரகம். ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்று பொருள், பேட்டரியில் இருப்பதை வைத்து வண்டி ஓடிக்கொண்டிருக்கும். இங்கே செய்யும் தவறு, என்னவென்று பார்க்க எங்கேயோ நிறுத்தி இன்ஜினை அணைப்பது. மறுபடி செல்ஃப் எடுக்காமல் போகலாம். ஏசி, பாட்டு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒர்க்‌ஷாப் உள்ள இடம்வரை ஓட்டுங்கள். ஆனால் விளக்கோடு சேர்ந்து முள்ளும் ஏறினாலோ ஸ்டியரிங் கனத்தாலோ ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டே அறுந்திருக்கலாம். பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அப்போது நிறுத்தியே ஆக வேண்டும்.

ஜம்பர் கேபிள் போடும் வரிசையை இரவில் டார்ச் வெளிச்சத்தில் நினைவுகூர முடியாது, ஒரு தாளில் எழுதி வையுங்கள். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனையைச் செத்த வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும், கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். கழற்றும்போது இதையே பின்னாலிருந்து செய்யுங்கள்.

இரவுப் பயணம்

சாலை காலியாக இருக்கும், இன்ஜினும் சூடாகாது என்று இரவில் கிளம்புவார்கள். நம்பகமான வண்டிக்கு அது சரி. இந்த வண்டி நின்றால் இருட்டில் நிற்கும், திறந்திருக்கும் ஒர்க்‌ஷாப்பும் இருக்காது. அதோடு தூக்கம். 1997-ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வின்படி, தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் ஸ்டியரிங் பிடிப்பவர் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரம் நிறுத்தி ஆளை மாற்றுங்கள். பக்கத்தில் இருப்பவர் குறட்டை விடுவதும் தவறுதான். மீட்டரைப் பார்க்கும் இன்னொரு ஜோடிக் கண் அவர்.

மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வராதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் பழைய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். குமிழி வந்துவிட்டால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. மலை ஏற எந்தக் கியர் போட்டீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

நின்ற பிறகு

இருவரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பதை எல்லாச் சாலையிலும் பார்க்கலாம். ஒருவர் வண்டியைப் பார்த்தால் மற்றவர் வரும் வண்டிகளைப் பார்க்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் நன்றாகத் தள்ளி வையுங்கள், வேகமான சாலையில் இன்னும் தூரமாக. சில நாடுகளில் விரைவுச் சாலையில் அதை வைக்கப் போவதே ஆபத்து என்று தடுத்திருக்கிறார்கள், எனவே போகும் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உதவி வரும்வரை வண்டிக்குள் உட்காராதீர்கள், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

சக்கரம் மாற்றுவதென்றால் நட்டுகளை ஜாக்கி ஏற்றும் முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

அப்புறம், ‘நான் அப்பவே சொன்னேன்’. அதைச் சொல்ல வேண்டியவர் ஊர் போய்ச் சேர்ந்தபின் சொல்லிக்கொள்ளட்டும்.

கட்டி இழுக்கும் நிலை வந்தால், ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை, இன்ஜின் சுற்றும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்க விடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது பல வண்டிகளில் கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றாது. முழு வண்டியையும் மேலே ஏற்றும் லாரியைக் கேளுங்கள். சாதாரண கியர் வண்டியைக் கயிற்றில் இழுத்தால், பின்னால் ஸ்டியரிங் பிடிப்பவர் இருவரில் பழகிய கையாக இருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாததால் பிரேக்குக்கு உதவி கிடைக்காது. ஓரிரு மிதியிலேயே பெடல் கல் மாதிரி ஆகிவிடும், முழுக் காலையும் ஊன்றி அழுத்த வேண்டியிருக்கும்.