வாக்கியக் கணக்கு போடுவது எப்படி? கூட்டலா கழித்தலா என்று கேட்பதற்கு முன்னால்

"இது கூட்டலா, கழித்தலா?" வாக்கியக் கணக்கைப் பார்த்ததும் பெரும்பாலான பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கடைசியில் வர வேண்டிய கேள்வி இது. கணக்கில் நடப்பது என்ன என்று பிடிபட்டுவிட்டால் கூட்டலா கழித்தலா என்பது தானே தெரிந்துவிடும். பிடிபடாமல் கேட்டால் வெறும் குருட்டடிதான்.

1980-ஐ ஒட்டிய காலத்தில், பிரான்சின் கிரனோபிள் நகரில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார்கள். "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?" 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதை எழுதிக் கொடுத்தார்கள். அவர்களை மக்கு என்று சொல்லிவிட முடியாது. கணக்கு என்றால் எண்களைப் பொறுக்கி எதையாவது செய்ய வேண்டும் என்று அவர்கள் பழகியிருந்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் இந்தப் பழக்கம் இருக்கிறது. அதை மாற்றும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையோடு உட்காரும் பெற்றோருக்கும், கணக்கைத் தாமே மறுபடி கற்பவர்களுக்கும் இது பயன்படும்.

முதலில் இந்தக் கணக்கை எடுத்துக்கொள்வோம்:

"கயலிடம் 84 ரூபாய் இருக்கிறது. இது அவள் அண்ணன் மாறனிடம் இருப்பதைவிட 18 ரூபாய் அதிகம். இருவரிடமும் சேர்த்து எவ்வளவு ரூபாய் இருக்கிறது?"

படி 1: எண்களை மறைத்துவிட்டுப் படியுங்கள்

84, 18 இரண்டையும் விரலால் மூடிக்கொண்டு, கணக்கைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். "கயலிடம் கொஞ்சம் காசு இருக்கு. அண்ணனிடம் அவளைவிடக் குறைவா இருக்கு. ரெண்டு பேர் காசையும் சேர்த்தா எவ்வளவுன்னு கேட்கிறாங்க." இப்படிச் சொல்ல வந்துவிட்டால் கணக்கில் பாதி முடிந்தது. "அண்ணனிடம் அதிகம்" என்று பிள்ளை சொன்னால் உடனே திருத்த வேண்டாம். "யாரிடம் அதிகம்? எந்த வரியில் அப்படி இருக்கிறது?" என்று கேட்டு, மறுபடி படிக்க விடுங்கள். அவசரம் வேண்டாம், இந்தப் படியில்தான் நிறைய நேரம் போக வேண்டும்.

படி 2: விடை வாக்கியத்தை முன்கூட்டியே எழுதுங்கள்

"இருவரிடமும் சேர்த்து ____ ரூபாய் இருக்கிறது." கோடிட்ட இடத்தைக் கடைசியில் நிரப்பிக்கொள்ளலாம். பாதி வழியில் கிடைக்கும் எண்ணையே விடை என்று எழுதிவிட்டு எழுந்து போகும் பழக்கம் இதனால் குறையும்.

படி 3: பட்டை வரையுங்கள்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 1980-களில் தொடக்கப்பள்ளிகளுக்குக் கொண்டுவந்த முறை இது. ஆளுக்கொரு பட்டை. யாரிடம் அதிகமோ அவருக்கு நீளமான பட்டை.

கயல்: ▇▇▇▇▇▇▇▇▇▇ 84
மாறன்: ▇▇▇▇▇▇▇ ? (18 குறைவு)

படத்தைப் பார்த்தாலே மாறனின் பட்டை குட்டை. எனவே 84 − 18 = 66. அதன் பிறகு 84 + 66 = 150.

இதே கணக்கைப் படம் இல்லாமல் போடும் பிள்ளை "அதிகம்" என்ற சொல்லைக் கண்டதும் கூட்டிவிடும். 84 + 18 = 102 என்று வரும். "அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, தலா என்றால் வகு" என்று சில வகுப்புகளில் பட்டியல் போட்டுக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். எளிய கணக்கில் அது பலிக்கும். அதனாலேயே பிள்ளை அதை நம்பிவிடும். கொஞ்சம் சுற்றிக் கேட்டாலும் கவிழ்த்துவிடும்.

பின்னக் கணக்கில் பட்டையின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். "பால்காரர் ஒருவர் கொண்டுவந்த பாலில் ஐந்தில் மூன்று பங்கை வீடுகளுக்கு ஊற்றினார். மீதியில் பாதியை டீக்கடைக்குக் கொடுத்தார். கடைசியில் 6 லிட்டர் மிஞ்சியது. அவர் கொண்டுவந்த பால் எவ்வளவு?"

ஒரு நீளப் பட்டையை ஐந்து சம கட்டங்களாகப் பிரியுங்கள். மூன்று கட்டம் வீடுகளுக்குப் போயிற்று. மீதி இரண்டு. அதில் பாதி, அதாவது ஒரு கட்டம், டீக்கடைக்கு. மிஞ்சிய ஒரு கட்டம்தான் 6 லிட்டர். ஐந்து கட்டம் 30 லிட்டர். பின்னத்தைப் பெருக்கவும் இல்லை, வகுக்கவும் இல்லை. பின்னம் என்றாலே பயப்படும் பிள்ளைக்கு முதலில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

படி 4: இப்போது கணக்கைப் போடுங்கள்

இதில் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு வரியிலும் கிடைத்த எண் எதைக் குறிக்கிறது என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்: "66, மாறனின் பணம்." அது போதும்.

படி 5: விடையைக் கதைக்குள் திருப்பி வையுங்கள்

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்கைத் தீர்க்க 1945-இல் நான்கு கட்டங்களைச் சொன்னார். அவற்றில் கடைசியானது, செய்து முடித்ததைத் திரும்பிப் பார்ப்பது. பால் கணக்கில் செய்து பார்ப்போம். 30 லிட்டரில் வீடுகளுக்கு 18, மீதி 12, அதில் பாதி 6 டீக்கடைக்கு, மிச்சம் 6. கதை பொருந்துகிறது.

இந்தப் படியை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வு ஒரு சாட்சி. 13 வயதுப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி இது: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் போகலாம், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்து வேண்டும்? வகுத்தால் ஈவு 31, மீதி 12. ஏறத்தாழ 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்றே விடை எழுதினார்கள். 32 என்று சரியாக எழுதியவர்கள் 23 சதவீதம்தான். பலருக்கு வகுத்தல் நன்றாகவே வந்திருக்கிறது. "அந்த 12 பேர் எதில் போவார்கள்?" என்று கேட்டுப் பார்க்கத்தான் விட்டுவிட்டார்கள்.

மேல் வகுப்புகளில் இயற்கணிதத்துக்கு வந்தாலும் இதே சோதனை கைகொடுக்கும். "ஒரு கல்லூரியில் பேராசிரியர்களைப்போல் 6 மடங்கு மாணவர்கள்" என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னால் பலர் 6 × மா = பே என்று எழுதிவிடுகிறார்கள் (மா என்பது மாணவர்களின் எண்ணிக்கை, பே என்பது பேராசிரியர்களின் எண்ணிக்கை). 1981-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பொறியியல் முதலாண்டு மாணவர்களிலேயே 37 சதவீதம் பேர் இதைத் தவறாக எழுதியிருந்தார்கள். எண் போட்டுப் பாருங்கள். பேராசிரியர்கள் 10 பேர் என்றால் மாணவர்கள் 60 பேர். 6 × 60 = 10 ஆகுமா? ஆகாது. மா = 6 × பே என்பதில் 60 = 6 × 10, சரியாக வருகிறது.

பழக்கிக்கொள்ள நாளுக்கு இரண்டு கணக்கு போதும், ஆனால் ஐந்து படிகளும் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் பிள்ளையையே ஒரு கணக்கு எழுதச் சொல்லி, அதை நீங்கள் பட்டை வரைந்து தீருங்கள். தொடங்குவதற்கு ஒன்று: "ஒரு கூடையில் இருந்த மாம்பழங்களில் நான்கில் ஒரு பங்கு அழுகிவிட்டது. மீதியில் மூன்றில் ஒரு பங்கை அத்தை வீட்டுக்குக் கொடுத்தோம். 14 பழம் மிஞ்சியது. கூடையில் முதலில் இருந்தவை எத்தனை?" நான்கு கட்டங்களில் தொடங்குங்கள்.