கைக்குழந்தையோடு வெயிலில் தீம் பார்க்: முதல் தடவை போகிறவர்களுக்கு

மகளுக்குப் பதினோரு மாதம் நடந்துகொண்டிருந்தது. மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தீம் பார்க்குக்குக் குடும்பமாகப் போனோம். காலை பத்தரைக்கு உள்ளே நுழைந்தோம். ராட்டினம், குட்டி ரயில், போட்டோ, அப்புறம் இன்னும் கொஞ்சம் போட்டோ. மதியம் இரண்டு மணிக்கு மாமியார் கேட்டார்: "ஏம்மா, பாப்பாவுக்கு டயப்பர் எப்ப மாத்தின?"

வீட்டில் கட்டிவிட்டதுதான். அவிழ்த்துப் பார்த்தால் புது டயப்பர் மாதிரி லேசாக இருந்தது, அதாவது அத்தனை நேரமும் சிறுநீரே போகவில்லை. அதுவரை 'பரவாயில்லையே, மாற்றுகிற வேலை மிச்சம்' என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஏசி போட்ட சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பால் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டோம். முக்கால் மணி நேரம் கழித்து என் மடியை நனைத்தாள். அவ்வளவு நிம்மதி! டிக்கெட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கிளம்பிவிட்டோம்.

அதற்குப் பிறகும் நான்கைந்து தடவை போயிருக்கிறோம். இப்போது எப்படிப் போகிறோம் என்பதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: போகலாமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆறு மாதம் முடியாத குழந்தை என்றால் கோடையில் வேண்டாம். இதில் நான் கறார். அந்த வயதில் வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் சரியாக வந்திருக்காது. உடம்பின் எடையோடு பார்த்தால் தோலின் பரப்பு அதிகம், அதனால் வெளிச்சூடு சீக்கிரம் ஏறும். தாகத்துக்குத் தண்ணீரும் கொடுக்க முடியாது, பால் மட்டும்தான். சன்ஸ்கிரீனும் அந்த வயதுக்குப் பரிந்துரைப்பதில்லை. சரி, அப்படியே போனாலும் குழந்தை ஏறக்கூடிய ரைடு ஒன்றும் இருக்காது. பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள், அல்லது மார்கழி, தை வரட்டும்.

ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை என்றால் இரண்டு, மூன்று மணி நேரம் போதும். ஒரு வயது தாண்டியபின் ஒரு நாளை ஓட்டலாம், ஆனால் நடுவில் நீண்ட ஓய்வோடு. காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தாலோ, நேற்றுத்தான் தடுப்பூசி போட்டீர்கள் என்றாலோ தள்ளிப்போடுங்கள். ஊசிக்கு வந்த சூடா, வெயிலுக்கு வந்த சூடா என்று அங்கே நின்று குழம்ப வேண்டாம்.

படி 2: நாளும் இடமும்

மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வாக்கில் முடியும் கத்திரி வெயிலைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது. பள்ளி விடுமுறை, கூட்டம், வரிசை எல்லாம் சேர்ந்து வருகிற நாட்களும் அவைதான். வாரநாளில் போக முடிந்தால் வரிசையில் நிற்கும் நேரம் குறையும். குழந்தையை வாட்டுவது ரைடு இல்லை, வரிசை.

சென்னைக்காரர்களுக்கு ஒரு விஷயம். முட்டுக்காட்டில் இருக்கும் எம்ஜிஎம், ஈஞ்சம்பாக்கத்து விஜிபி போல கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள இடங்களுக்குக் கடல்காற்று சீக்கிரம் வந்து சேரும். பூந்தமல்லிப் பக்கம் உள்நாட்டில் இருக்கும் இடங்களுக்கு அது தாமதமாகத்தான் எட்டும். மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாட்களில் கடல்காற்று வெகுநேரம் கழித்தே உள்ளே வரும், அப்போது எங்கே போனாலும் அனல்தான். அதே சமயம், கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் போனில் வானிலை பார்க்கும்போது வெப்பநிலையோடு நிற்காதீர்கள், 'உணரும் வெப்பம்' என்று தனியாக ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள். அது 40-ஐத் தாண்டினால் நாங்கள் போவதில்லை.

டிக்கெட் எடுக்கும் முன் குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்துவிடுங்கள். பல பார்க்குகளில் கட்டணமும் ரைடும் வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்துத்தான். பிறகு போன் போட்டு நான்கு கேள்வி கேளுங்கள்: பாலூட்டத் தனி அறை இருக்கிறதா, ஏசி போட்ட கூடம் எங்கே, ஸ்ட்ரோலர் வாடகைக்குக் கிடைக்குமா, குழந்தைச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா. வெளிச் சாப்பாட்டுக்குத் தடை போடும் இடங்களிலும் குழந்தை உணவுக்குப் பெரும்பாலும் விலக்கு தருவார்கள். ஆனால் வாசலில் நின்று வாதாடுவதைவிட முன்னாலேயே கேட்டுக்கொள்வது மேல்.

படி 3: பை கட்டுவது

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டயப்பர் என்று கணக்குப் போட்டு, அதற்கு மேல் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று செட் துணி. பழைய பருத்தித் துண்டு இரண்டு, இதுதான் பையிலேயே உபயோகமான பொருள்: நனைத்துக் கழுத்தில் போடலாம், விரித்துப் படுக்க வைக்கலாம், துடைக்கலாம். குடை. பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி. தண்ணீர் தெளிக்கும் பாட்டில். டிஜிட்டல் தெர்மாமீட்டர். இரண்டு பொட்டலம் ஓ.ஆர்.எஸ்.

பால் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பவுடர் பால் கொடுப்பவர்கள் வீட்டில் கலக்கி எடுத்துப் போகவே கூடாது. கலக்கிய பால் சாதாரண நாளிலேயே இரண்டு மணி நேரம்தான், வெக்கையில் அதுவும் தாங்காது. கொதிக்கவைத்த தண்ணீரை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள், பவுடரை அளந்து தனி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். வேண்டும்போது சூடான தண்ணீரில் கலக்கி, பாட்டிலைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆற்றிக் கொடுங்கள். பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் என்றால் உறைந்த ஐஸ் பேக் வைத்த கூலர் பையில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். பையை அடிக்கடி திறக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு இட்லி, வாழைப்பழம், பொரி. தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம், மதியத்துக்குள் புளித்துவிட்டது.

கொலுசு, வளையல், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். வெயிலில் உலோகம் சுடும், தண்ணீரில் தொலையும், கூட்டத்தில் பயம் வேறு. அதற்குப் பதில் உங்கள் போன் எண்ணை எழுதிய ஒரு துணிப்பட்டையைக் கையில் கட்டிவிடுங்கள்.

படி 4: உடையும் வண்டியும்

வெளிர் நிறத்தில், தொளதொளவென்ற பருத்திச் சட்டை. கழுத்துப் பின்புறத்தையும் மறைக்கும் தொப்பி. ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், வெயிலில் இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும், தண்ணீரில் இறங்கி ஏறினால் உடனே. விரல் சூப்பும் பிள்ளையின் உள்ளங்கையில் தடவாதீர்கள். கண்மையும் கன்னத்துப் பொட்டும் வியர்வையில் கண்ணுக்குள் இறங்கும். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வைத்துவிடுங்கள், பாட்டியும் சமாதானமாவார்.

ஸ்ட்ரோலரில் குழந்தை தூங்கிவிட்டால் மேலே ஒரு துணியைப் போர்த்தி மூடுவது நம் ஊரில் பழக்கம். நிழலுக்குத்தான் செய்கிறோம், ஆனால் உள்ளே காற்று நின்று அடுப்பு மாதிரி ஆகிவிடும். மெல்லிய துணி என்றாலும் அப்படித்தான். குடையைக் கட்டுங்கள், அல்லது வண்டியையே நிழலில் நிறுத்துங்கள். இன்னொன்று, ஸ்ட்ரோலரில் இருக்கும் குழந்தை தரைக்கு நம்மைவிட எவ்வளவோ பக்கம். தார்ச்சாலையின் சூடு நம் முகத்துக்குத் தெரியாது, அதற்குத் தெரியும். மார்போடு கட்டித் தூக்கும் பை வைத்திருப்பவர்கள் அரை மணிக்கு ஒருமுறை இறக்கிக் காற்றாட விடுங்கள், இரண்டு உடம்புச் சூடும் ஒரே இடத்தில் சேர்கிறது.

படி 5: அன்றைய பொழுதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

இது நாள் முழுக்க இருக்கப்போகிறவர்களுக்கு. ஒரு வயதுக்குள் என்றால் முதலில் சொன்ன இரண்டு, மூன்று மணி நேரத்தோடு கிளம்பிவிடுங்கள். பார்க்குகள் திறப்பதே பத்து, பத்தரைக்குத்தான். வெயில் ஏற்கெனவே ஏறியிருக்கும். ஆகவே கதவு திறக்கும்போதே வாசலில் நில்லுங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் வெளியில் உள்ள ராட்டினம், ரயில். இரும்பு, பிளாஸ்டிக் இருக்கைகளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும், சறுக்குமரமும் அப்படியே.

பன்னிரண்டிலிருந்து மூன்றரை வரை வெளியில் தலைகாட்டாதீர்கள். ஏசி கூடமோ மரநிழலோ பார்த்து இடம் பிடித்துச் சாப்பாடு, தூக்கம். டயப்பரைக் கழற்றிக் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள், தொடையிடுக்கில் புண் வராது. பெரியவர்கள் முறை வைத்து ரைடுக்குப் போய்வரலாம். என் வீட்டுக்காரர் இந்த நேரத்துக்காகவே பார்க்குக்கு வருகிறார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

மூன்றரைக்கு மேல் தண்ணீர் விளையாட்டு.

படி 6: கேட்கும் வரை காத்திருக்காமல் கொடுங்கள்

பால் குடிக்கும் குழந்தைக்கு வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள், அம்மாவும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆறு மாதம் தாண்டியவர்களுக்கு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் தண்ணீர். ஓடியாடும் பிள்ளைக்கு நீர்மோர், இளநீர் நல்லது. கடைகளில் ஐஸ் போட்ட ஜூஸ் வேண்டாம், அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்குத் தெரியும்?

ஓ.ஆர்.எஸ். தாகத்துக்குக் குடிக்கும் பானம் இல்லை. வாந்தி, பேதி ஆனாலோ, நீர் வற்றிய அறிகுறி தெரிந்தாலோதான். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கரையுங்கள், கண்ணளவு கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத சர்க்கரைப் பானங்கள் 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்டுக்கொள்வதை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடுத்துவிட்டது. இருந்தாலும் வாங்கும்போது அட்டையைப் படித்துவிடுங்கள்.

முக்கியமாக டயப்பர். ஜெல் டயப்பர் நனைந்திருந்தாலும் மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், கையில் தூக்கிப் பார்த்தால்தான் கனம் தெரியும். மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் ஒரு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். நான் போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு அலாரம் வைத்துக்கொள்கிறேன்.

படி 7: தண்ணீரில்

கணுக்கால் ஆழமே போதும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், அவர் கையில் போன் இல்லாமல். சிறு குழந்தை தண்ணீரில் மூழ்கும்போது சத்தமே வராது, அதனால் காற்றடைத்த கைவளையத்தை நம்பி நகராதீர்கள். சாதாரண டயப்பர் தண்ணீரில் ஊதிப் பொதியாகிவிடும், நீச்சல் டயப்பர் தனியாகக் கிடைக்கிறது. பல இடங்களில் பருத்தி உடையோடு குளத்தில் விட மாட்டார்கள், நைலான் உடை ஒன்று எடுத்துவையுங்கள். இருபது நிமிடத்தில் வெளியே எடுங்கள். வெயிலிலும் குழந்தை நடுங்கும், உதடு நிறம் மாறுவதைப் பாருங்கள். ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

படி 8: எப்போது நிறுத்துவது, எப்போது ஓடுவது

முகம் சிவந்து, சிணுங்கி, விளையாட மறுத்து, பாலைத் தள்ளிவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. ஏசிக்குப் போய்த் துணியைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அழும்போது கண்ணீர் வரவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவரிடம்.

உடம்பு கொதிக்கிறது, கூப்பிட்டால் கண் திறக்காமல் துவளுகிறது, வலிப்பு வருகிறது என்றால் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்கக் கூடாது. துணியைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விடாமல் விசிறுங்கள். மயக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 9: திரும்பி வருவது

நிறுத்தி வைத்த காரின் நான்கு கதவையும் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். சீட் பெல்ட்டின் உலோகக் கொக்கியைத் தொட்டுப் பாருங்கள். 'பார்க்கிங் சீட்டு கொடுத்துவிட்டு வருகிறேன்' என்றுகூடக் குழந்தையைப் பூட்டிய காரில் விடாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே 10 டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக ஒன்றும் குறையாது.

வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல். வேர்க்குரு இருந்தால் பவுடர் கொட்டாதீர்கள், தூள் மூச்சில் போகும், காற்றாட விட்டாலே அடங்கும். அன்று இரவு நடுவில் ஒரு தடவை எழுந்து டயப்பரைத் தூக்கிப் பாருங்கள்.