'ஹெல்ப் யுவர்செல்ஃப்' தொடரை வாக்கியங்களில் கையாளும் முறை: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பழைய வீடுகள் சில இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டதால், ஆங்கிலத்தைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்த நம் பிள்ளைகள் அங்கே வேலைக்குச் சேர்ந்து, அயல்நாட்டு விருந்தினரிடம் அன்றாடம் அதில் பேசவேண்டியிருக்கிறது. காலைச் சிற்றுண்டி மேசைக்கு அருகில் நிற்பவருக்கு உடனே தேவைப்படுகிற தொடர் 'ஹெல்ப் யுவர்செல்ஃப்'. 'உங்களுக்கு நீங்களே உதவிக்கொள்ளுங்கள்' என்று அதற்குப் பொருள் செய்துகொள்பவர்கள், விருந்தாளியிடம் இப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று எண்ணித் தயங்குகிறார்கள். இலை போட்டு, கேட்டுக் கேட்டுப் பரிமாறிப் பழகிய ஊரில் அந்தத் தயக்கம் இயல்பானதுதான். எனினும் ஆங்கிலத்தில் இது 'கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று உபசரிக்கும் தொடர்.

முதல் படி: பொருளைப் பிடித்துக்கொள்ளுதல்

'ஹெல்ப்' என்ற வினைக்கு உதவுதல் என்பதோடு, உணவு பரிமாறுதல் என்ற பொருளும் 17ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவருகிறது. ஒரு முறை தட்டில் வைக்கும் அளவை 'ஹெல்பிங்' என்றும், மறுமுறை வாங்குவதை 'செகண்ட் ஹெல்பிங்' என்றும் சொல்வது அதன் வழியாக வந்ததே. தமிழில் இதே வேலையைச் செய்வது 'கொள்' என்ற துணைவினை. துவையலைப் போட்டுக்கொள்ளுங்கள், சாம்பாரை ஊற்றிக்கொள்ளுங்கள், பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நாம் பொருளுக்கு ஏற்ப வினையை மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' ஒன்றே போதும். ஆனால் 'கொள்' வருகிற இடமெல்லாம் இத்தொடர் வராது. 'முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்' என்பதற்கு இதைப் பயன்படுத்தினால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. ஒரு பொருளைத் தமக்கென எடுத்துக்கொள்ளும் செயலாக இருந்தால் மட்டுமே இது பொருந்தும்.

இரண்டாம் படி: 'செல்ஃப்' சொல்லைத் தேர்ந்தெடுத்தல்

எடுத்துக்கொள்பவர் யாரோ, அவருக்குரிய சொல்லே 'ஹெல்ப்' என்பதற்குப் பின்னால் வரவேண்டும். நான் என்றால் மைசெல்ஃப், அவன் என்றால் ஹிம்செல்ஃப், அவள் என்றால் ஹெர்செல்ஃப், நாங்கள் என்றால் அவர்செல்வ்ஸ், அவர்கள் என்றால் தெம்செல்வ்ஸ். முன்னிலையில்தான் தமிழர்களுக்குச் சிக்கல் வருகிறது. பெரியவர் ஒருவரை நாம் 'நீங்கள்' என்று பன்மையில் அழைப்பதால், ஆங்கிலத்திலும் மரியாதைக்காக 'யுவர்செல்வ்ஸ்' என்று சொல்லத் தோன்றும். ஆங்கிலத்தில் அந்தப் பன்மை ஆட்களின் எண்ணிக்கையை மட்டுமே காட்டும். மரியாதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எண்பது வயது விருந்தினரானாலும் ஒருவர் என்றால் யுவர்செல்ஃப்தான். இரண்டு சிறுவர்கள் வந்து நின்றால் யுவர்செல்வ்ஸ். மரியாதையைக் காட்ட விரும்பினால் முன்னால் 'ப்ளீஸ்' சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: 'டு' சேர்த்துப் பொருளைச் சொல்லுதல்

எதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்பது மேசையைப் பார்த்தாலே தெரியுமானால், 'ப்ளீஸ் ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்று நிறுத்திவிடலாம். பொருளைக் குறிப்பிட வேண்டுமென்றால் 'டு' போட்டு, அதன்பின் பெயர்ச்சொல்லை வைக்கவேண்டும்: 'ப்ளீஸ் ஹெல்ப் யுவர்செல்ஃப் டு சம் வெள்ளைப் பணியாரம்.' இந்த 'டு' இருக்கும் இடத்தில் 'ஃபார்' வராது. அதற்குப் பின்னால் வினைச்சொல்லும் வராது என்பதால், 'ஹெல்ப் யுவர்செல்ஃப் டு ஈட்' என்று சொல்லக்கூடாது. எடுத்துக்கொள்ளுதல் என்ற பொருள் தொடருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இப்படிச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றுவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெள்ளைப் பணியாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வரமிளகாய்த் துவையலை ஜாம் என்று நினைத்து, கரண்டி நிறைய அள்ளித் தடவிக்கொள்ளும் விருந்தினர்கள் உண்டு. ஆகவே, 'தி ரெட் சட்னி இஸ் வெரி ஸ்பைசி' என்று இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்தே பழகுங்கள். அங்கே 'ஹாட்' என்று சொன்னால், துவையல் சூடாக இருப்பதாகவும் கொள்ள இடமுண்டு.

நான்காம் படி: காலத்தையும் வினாவையும் அமைத்தல்

இறந்தகாலத்தில் 'ஹெல்ப்ட்' என்று மாறும்: 'தி சில்ட்ரன் ஹெல்ப்ட் தெம்செல்வ்ஸ் டு கைமுறுக்கு.' அனுமதி கேட்கும்போது, 'மே ஐ ஹெல்ப் மைசெல்ஃப் டு சம் காபி?' என்று வரும். விருந்தினர் வரவேற்பு மேசையிலுள்ள வரைபடத்தைக் காட்டி, 'கேன் ஐ டேக் ஒன் ஆஃப் தீஸ்?' என்று கேட்டால், 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்பதே முழுமையான விடை; உணவல்லாத பொருளுக்கும் தொடர் செல்லும். முகத்தைப் பார்க்காமல் தட்டையான குரலில் சொன்னால் மட்டும் 'உங்கள் விருப்பம்' என்ற அலட்சியம் அதில் ஏறிவிடும்.

ஐந்தாம் படி: இரண்டு இடங்களில் எச்சரிக்கை

அழைப்போ அனுமதியோ இல்லாமல் எடுத்துக்கொண்டதைச் சொல்லும்போது இதே தொடர் குற்றச்சாட்டாகிவிடும். 'சம்ஒன் ஹெல்ப்ட் ஹிம்செல்ஃப் டு தி பிராஸ் லேம்ப்' என்றால், பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) இருந்த பித்தளை விளக்கை எவனோ கேட்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று பொருள். அடுத்தது, 'ஐ குடின்ட் ஹெல்ப் மைசெல்ஃப்.' கந்தரப்பத்தை மேலும் மேலும் எடுத்துச் சாப்பிட்ட ஒருவர் இப்படிச் சொன்னால், தமக்கு யாரும் உதவவில்லை என்று அவர் குறைப்படுவதாக எண்ணிப் பதறவேண்டாம். ஆசையை அடக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

பயிற்சி

பின்வரும் மூன்றையும் விடையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: 'ஐயா, மோர் ஊற்றிக்கொள்ளுங்கள்', 'நாங்களே காபி எடுத்துக்கொண்டோம்', 'நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.' முதலாவது, 'ப்ளீஸ் ஹெல்ப் யுவர்செல்ஃப் டு சம் பட்டர்மில்க், சார்.' இரண்டாவது, 'வி ஹெல்ப்ட் அவர்செல்வ்ஸ் டு காபி.' மூன்றாவதில் எடுத்துக்கொள்ளும் பொருள் எதுவும் இல்லாததால் நம் தொடருக்கு அங்கே இடமில்லை; 'ப்ளீஸ் ஹேவ் எ சீட்' என்று சொல்லவேண்டும்.