தண்ணீர்மலைக்குப் போகும் நம் ஊர்க்காரர்களுக்கு

செட்டிநாட்டு ஊர்களில் தண்ணீர்மலை என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்த மலையோ மலேசியாவின் பினாங்குத் தீவில், அருவி இறங்கும் பள்ளத்தாக்கின் வாயிலில் இருக்கிறது. அங்குள்ள மலைக்கோயிலும், எதிரே கொண்டுவிக்கப் (வணிகம் செய்யப்) போன நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், எழுப்பிய தண்டாயுதபாணி கோயிலும், சற்று மேலே 1884-இல் ஆங்கிலேயர் அமைத்த தாவரவியல் பூங்காவும் ஒரே சாலையில் அமைந்திருப்பதால், மூன்றையும் ஒரு காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். வரிசையை மட்டும் மாற்றிவிடக் கூடாது.

காரைக்குடியிலிருந்து கிளம்புவோருக்குத் திருச்சி வழியாகக் கோலாலம்பூர் சென்று, அங்கிருந்து பினாங்கு போவது வசதி. இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா விலக்கு உண்டு என்றாலும், அது அவ்வப்போது நீட்டிக்கப்படும் சலுகை என்பதால் டிக்கெட் எடுக்குமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையையும் நிரப்பியாக வேண்டும். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் படகுத்துறையிலிருந்து 10-ஆம் எண் பேருந்து பூங்கா வரை செல்கிறது.

முதலில் ஏற வேண்டியது மலைக்கோயில். 513 படிகளை வெறுங்காலோடு ஏற வேண்டியிருப்பதால், வெயில் ஏறிக் கல் சுடுவதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது; வயதானவர்களை அவசரப்படுத்தாமல், திருப்பங்களில் நின்று நின்று அழைத்துச் செல்லுங்கள். நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் கீழே உள்ள ஊர் சற்றே விரிந்து, மேலே போய்ச் சேரும்போது ஜார்ஜ் டவுனின் கட்டடங்களுக்கு அப்பால் கடல் துலக்கமாகத் தெரியும். கப்பலில் வந்து இறங்கிய நம் பாட்டன்மார் எந்தத் திசையிலிருந்து இந்தக் குன்றை முதன்முதலில் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் தோன்றும். இறங்கியதும் எதிரிலுள்ள நகரத்தார் கோயிலுக்குள் நுழைந்தால், நம் ஊர் வீட்டு வளவு (முற்றம்) ஒன்றுக்குள் வந்துவிட்டது போலிருக்கும். நடை சாத்துவதற்குள் தரிசித்துவிட வேண்டும் என்பதால்தான் பூங்காவைக் கடைசியில் வைக்கச் சொல்கிறேன்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே போகுமுன், அர்ச்சனைத் தேங்காயையும் வாழைப்பழத்தையும் ஜிப் வைத்த பைக்குள் போட்டு மூடிவிடுங்கள்; கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையைக் கண்டால் அங்குள்ள குரங்குகள் கேட்டு வாங்குவதில்லை, பிடுங்கிக்கொள்கின்றன. அவற்றுக்குத் தீனி போடுவது குற்றம். கருங்கல் வெட்டியெடுத்த இடத்தைச் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்ற முதல் கண்காணிப்பாளர் சோலையாக மாற்றினார் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், மேடும் பள்ளமுமாக அந்த நிலம் கிடப்பதன் காரணம் புரியும். நம் சிவன் கோயில்களில் பார்த்துப் பழகிய நாகலிங்க மரம் இங்கே பெரிதாக வளர்ந்து, அடிமரத்திலேயே பூத்து நிற்கிறது. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்பதை நம்மில் பலர் நம்ப மாட்டார்கள். தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் அரைமணி நேரமாவது உட்காருங்கள்.

கடலை இன்னும் அகலமாகப் பார்க்க விரும்புவோர் 833 மீட்டர் உயரமுள்ள பினாங்கு மலைக்குப் போகலாம். பூங்கா வாயிலருகிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தார்ச்சாலை மேலேறுகிறது. செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. அவர்கள் ஆயர் ஈத்தாம் பகுதியிலிருந்து, 1923 முதல் ஓடும் மலை ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

தைப்பூசத்தை ஒட்டிப் போகிறவர்கள் ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஸ்ட்ரீட்டிலுள்ள நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு வரும் அந்த நாட்களில் சாலை முழுவதும் கூட்டமும் சிதறு தேங்காயுமாக இருக்கும் என்பதால், ரதத்தைப் பார்க்கலாம், பூங்காவைப் பார்க்க முடியாது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. ஈரப் படிகள் வழுக்கும்.