கிளேஸ் குழம்பில் தண்ணீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூளையிலிருந்து எடுத்த பானையில் கிளேஸ் (சுட்டதும் கண்ணாடி போலாகும் மேற்பூச்சு) நிறம் மாறியிருந்தால் பலர் தண்ணீரைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் அது வீண்பழி. 1 கிலோ உலர்ந்த கிளேஸ் பொடிக் கலவைக்கு 800 மி.லி. தண்ணீர் ஊற்றுகிறோம் என்று வையுங்கள். லிட்டருக்கு 300 மி.கி. கடினத்தன்மை உள்ள நீரானாலும் கூடுதலாகச் சேர்வது 240 மி.கி., அதாவது 0.024 சதவீதம். தராசில் அதைவிட அதிகம் பிசகும். துருப்பிடித்த குழாயிலிருந்து உதிரும் செதில் மட்டும் விதிவிலக்கு. அது சுட்டபின் புள்ளியாகத் தெரியும். 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் வடித்தால் பெரும்பாலும் தங்கிவிடும்.

தண்ணீர் உண்மையில் மாற்றுவது குழம்பின் ஓட்டத்தை. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் களிமண் துகள்களைக் கூட்டம் சேர்க்கும். குழம்பு தயிர் போல உறையும். உடனே இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. குழம்பு இளகும், ஆனால் நீர் மிகுந்த பூச்சு காயும்போது சுருங்கி விரிசல் விடும். சூட்டில் அந்த விரிசலிலிருந்து கிளேஸ் விலகி, வெறும் மண் தெரியும்.

ஊற்றுமுன் 100 மி.லி. குழம்பை எடை போடுங்கள். தோய்த்தெடுக்கும் பல கிளேஸ்களுக்கு 140 முதல் 150 கிராம் வரை இருக்கலாம். 145 காட்டியும் கெட்டியாக இருந்தால் குறை தண்ணீரில் இல்லை. கூட்டம் சேர்ந்த துகள்களைப் பிரிக்கும் சோடியம் சிலிக்கேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். அவசரப்பட்டு அதிகம் விட்டால் குழம்பு நீர்த்து, துகள் அடியில் கல்லாக இறங்கும்.

சோடியம் கொண்டு மென்மையாக்கிய நீரிலும் இதே அடிப்படிவுத் தொல்லை வரலாம். கிளேஸில் சேரும் நெஃபலின் சைனைட் என்ற பாறைத்தூளும் சில ஃப்ரிட்களும் (உருக்கிப் பொடித்த கண்ணாடி) நாள்பட சோடியத்தைக் கசியவிடுவதால், முதல் வாரம் நன்றாயிருந்த வாளி பிறகு மாறுவதும் உண்டு. மருந்து எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்), அது துகள்களை மீண்டும் கூட்டம் சேர்க்கும்: வெந்நீரில் கரையுமட்டும் கரைத்து, சிறிது சிறிதாகச் சேர்க்கவும். 1 கிலோ உலர் கலவைக்கு 1 முதல் 2 கிராம் உப்பே பெரும்பாலும் போதும். கலக்கி நிறுத்தினால் சுழல் சட்டென நின்று, சற்றே பின்னோக்கி அசைய வேண்டும், அதுதான் அளவு.

மேலே தெளிந்த நீரை இறுத்துக் கொட்டுவது இன்னொரு வழக்கம். சோடா சாம்பல், போராக்ஸ், கழுவாத மரச்சாம்பல் சேர்ந்த கிளேஸில் உருக்கும் பொருளில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும். அடுத்த முறை கிளேஸ் சரியாக உருகாது. வாளியைத் திறந்து வைத்து ஆவியாக விடுவதே மேல்.

காய்ச்சி வடித்த நீர் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் தண்ணீர் வரும் இடம் மாறினால், முதலில் ஒரு சோதனை ஓட்டில் தோய்த்துச் சுட்டுப் பாருங்கள்.