சிக்கலை ஏன் யாரும் நம்மிடம் சொல்வதில்லை? சின்ன சாஃப்ட்வேர் நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு முந்தைய வாரம் அது. ஒரு ஜவுளிக்கடைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருளில், வாங்கிய புடவையை மாற்ற வருபவர்களுக்கு ஜிஎஸ்டி தப்பாக விழுந்துகொண்டிருந்தது. தள்ளுபடி போக மீதி விலைக்கு வரி போடாமல், தள்ளுபடிக்கு முந்தைய விலைக்குப் போட்டுவிட்டது. வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்குக் கடைக்காரர் போன் செய்தார். அவர் பேச்சுக்குப் பின்னால், கவுன்டரில் நின்றவர்கள் சத்தம் போடுவது எனக்குக் கேட்டது. சரிசெய்து முடிக்க ராத்திரி பதினொன்றரை ஆகிவிட்டது.

மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் எங்கள் டெஸ்டர் இதைத் திங்கட்கிழமையே கண்டுபிடித்துவிட்டார் என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னேன் சார், ஸ்டேண்ட்-அப்ல. ரிலீஸ் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொன்னீங்க" என்றார். ஸ்டேண்ட்-அப் என்பது காலையில் குழுவினர் நின்றபடியே நடத்தும் சின்ன மீட்டிங். அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. அவருக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது. இரண்டாவது தடவை வந்து சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

பதினைந்து வருடமாக இருபது, முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்களில்தான் இருக்கிறேன். கல்ச்சர், அதாவது அலுவலகப் பண்பாடு, என்ற சொல்லை ஒவ்வொருவரும் ஒரு பொருளில் பயன்படுத்துகிறார்கள். சிலருக்கு அது வெள்ளிக்கிழமை பீட்சா, சிலருக்குச் சுவரில் ஒட்டிய நான்கு வாசகங்கள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு எனக்கு ஒரே அளவுகோல்தான். ஒரு சிக்கல் வேலை செய்பவரின் கண்ணில் பட்டதிலிருந்து, முடிவெடுப்பவரின் காதுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது? எங்களுக்கு அன்று மூன்று நாள். அதுவும் வாடிக்கையாளர் வழியாக வந்தது. இந்த இடைவெளியை நீட்டிவிடும் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"யார் பண்ணது?" என்று ஆரம்பிப்பது

சர்வர் விழுந்ததும் வாயில் முதலில் வரும் கேள்வி இதுதான். கோபத்தில் கேட்காவிட்டாலும் அறை முழுக்க அமைதியாகிவிடும். அடுத்த தடவை தப்பு செய்பவர் முதல் அரை மணி நேரத்தை, யாருக்கும் தெரியாமல் தானே சரிசெய்துவிட முடியுமா என்று பார்ப்பதில் செலவழிப்பார். சேதம் பெருகுவது அந்த அரை மணி நேரத்தில்தான்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் சொல்கிறேன். டேட்டாபேஸில் ஒரு கோளாறு. ராத்திரி வெகுநேரம் வரை உட்கார்ந்து வேலை பார்த்த ஒரு பொறியாளர், துணை சர்வரில் இருக்கும் தரவுக் கோப்புறையை அழிக்க நினைத்து, முதன்மை சர்வரில் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஒன்றிரண்டு நொடியில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், தினமும் எடுப்பதாக நினைத்திருந்த பேக்கப் எடுக்கப்படவே இல்லை. மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு நகல்தான் கடைசியில் காப்பாற்றியது. சேவை திரும்ப வர ஏறக்குறைய 18 மணி நேரம் ஆனது.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. அவர்கள் மீட்பு வேலையை யூட்யூபில் நேரலையாகக் காட்டினார்கள். குறிப்புகளை எழுத எழுத உலகம் பார்க்கும்படி திறந்து வைத்தார்கள். பின்னால் வெளியிட்ட அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. பேக்கப் வேலை செய்கிறதா என்று பார்க்க ஏன் யாருக்கும் பொறுப்பு கொடுக்கப்படவில்லை என்ற கேள்வி இருந்தது. அந்த ஆளை மட்டும் பிடித்து வெளியே அனுப்பியிருந்தால், தோற்றுக்கொண்டிருந்த பேக்கப் தோற்றுக்கொண்டேதான் இருந்திருக்கும்.

இதையொட்டி இன்னொன்று. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, அந்தக் குழுக்களில்தான் எண்ணிக்கை கூடுதலாகக் கிடைத்தது. அங்கே இருந்தவர்கள் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்டடைந்த விளக்கம். இதைப் படித்த பிறகு, "இந்த மாசம் ஒரு பக்கும் (பிழையும்) இல்ல சார்" என்று ஒரு குழு சொன்னால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.

ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் மீட்டிங்

இதைப் பற்றி நம் ஊர் நிறுவனங்களில் யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம். தமிழ் வழியில் படித்து, கிராமத்திலிருந்து பொறியியல் கல்லூரிக்கு வந்து, கோடு (நிரல்) அருமையாக எழுதும் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கிறோம். காலை பத்து மணிக்கு ஸ்டேண்ட்-அப்பில் நிற்கவைத்து ஆங்கிலத்தில் பேசச் சொல்கிறோம். "ஒர்க்கிங் ஆன் இட், வில் கம்ப்ளீட் டுடே" என்ற மனப்பாடமான ஒரு வரி வரும். அடுத்தவர், அதற்கடுத்தவர், எட்டு நிமிடத்தில் மீட்டிங் முடிந்துவிடும். பார்க்க ஒழுங்காக இருக்கும், யார் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் தெரியாது.

ஒருநாள் கரண்ட் போய் கிளையன்ட் கால் ரத்தானபோது, அப்படி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும் ஒரு பையனிடம் தமிழில் "எங்கப்பா நிக்குது?" என்று கேட்டேன். ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான். பேமென்ட் பகுதியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே ஆர்டரைத் திறந்தால் என்ன ஆகும் என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். எங்களில் வேறு யாரும் அதை யோசிக்கவே இல்லை.

எங்கள் உள் மீட்டிங்குகள் இப்போது தமிழில்தான் நடக்கின்றன. தமிழ் தெரியாதவர் குழுவில் இருந்தால் பேச்சைச் சுருக்கிவிட்டு, ஒவ்வொருவரும் மூன்று வரி எழுதிப் போடுகிறோம். எழுதும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது, இலக்கணத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதும் இல்லை. கிளையன்டிடம் ஆங்கிலம் பேசப் பழக வேண்டாமா என்று கேட்பார்கள். பழகத்தான் வேண்டும், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். சிக்கலைச் சொல்லும் நேரத்தில் மொழிப் பரீட்சை வைக்காதீர்கள்.

பதவிகளை எடுத்தால் அதிகாரம் போய்விடும் என்று நம்புவது

"இங்க மேனேஜரே கிடையாது, எல்லாரும் சமம்" என்பது ஐந்து பேர் இருக்கும்போது உண்மை. பன்னிரண்டு, பதினைந்து பேர் ஆனதும் அது உண்மையாக இருப்பதில்லை. அமெரிக்க வீடியோ கேம் நிறுவனமான வால்வின் ஊழியர் கையேடு 2012-இல் வெளியே கசிந்தது. முதலாளி இல்லை, மேசைக்குச் சக்கரம் உண்டு, பிடித்த திட்டத்துக்கு உருட்டிக்கொண்டு போகலாம் என்று அதில் இருந்ததைப் பார்த்து நம் ஆட்கள் பலரும் மயங்கினோம். அங்கே வேலை பார்த்து வெளியேற்றப்பட்ட ஒரு பொறியாளர் 2013-இல் வேறு கதை சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு அதிகார அடுக்கு இருந்தது என்றும், பள்ளிக்கூடத்துக் கோஷ்டிகள் போல இருந்தது என்றும் சொன்னார்.

நம் ஊரில் அந்த அடுக்கு டீக்கடையில் நிற்கும். நிறுவனரும் அவருடைய கல்லூரி நண்பர்கள் மூவரும் நாலு மணிக்கு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது எந்த ஃபீச்சர் முதலில், யாருக்கு எந்தக் கிளையன்ட் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். அந்த வட்டத்தில் பெரும்பாலும் பெண்கள் இருப்பதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு நடந்ததே தெரியாது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் வெளியே இருப்பவர் தன் கருத்துக்கு இடமில்லை என்று புரிந்துகொண்டு பேசுவதை நிறுத்திவிடுகிறார். டீ குடிப்பதை நிறுத்த வேண்டாம். வந்ததும் பேசியதைப் பொதுவில் எழுதிப் போட்டு, நாளை மதியம் வரை மாற்றுக் கருத்துச் சொல்லலாம் என்று விடுங்கள். யாரிடம் லீவு கேட்பது, சம்பளத்தைப் பற்றி யாரிடம் பேசுவது என்பதற்கும் ஒரு பெயர் இருக்கட்டும்.

குடும்பம் என்ற சொல்

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சொல்லும் நிறுவனங்களில் அந்தச் சொல் எப்போது வெளியே வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். சனிக்கிழமை வரச் சொல்லும்போதும், சம்பளம் தள்ளிப் போகும்போதும் வரும். ஒருவர் ராஜினாமா கொடுத்த அன்று காணாமல் போய்விடும். நான் முன்பு இருந்த ஒரு இடத்தில், சேரும்போது வாங்கி வைத்த அசல் சான்றிதழ்களைத் திரும்பக் கேட்டு ஒரு பெண் ஆறு வாரம் அலைந்தார். ரிலீவிங் லெட்டருக்கு இன்னொரு மாதம் ஆனது. நாங்கள் பதினெட்டுப் பேர் உட்கார்ந்த இடத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வருடத்துக்குள் அந்தப் பதினெட்டில் பதினோரு பேர் கிளம்பிவிட்டோம், போகிறோம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சம்பளத் தேதி தவறாதீர்கள். தவறப்போகிறது என்றால் ஒரு வாரம் முன்பே, எவ்வளவு நாள் தாமதம் என்று சொல்லிவிடுங்கள். சான்றிதழை வாங்கி வைக்காதீர்கள். கணக்கு முடித்துக் கொடுப்பதைப் போகிறவரின் கடைசி நாளிலேயே முடியுங்கள். நம்பிக்கை பெரும்பாலும் இந்தச் சின்னக் காரியங்களில்தான் வளர்கிறது.

திறமைசாலி என்பதற்காக ஒருவரின் வாய்த்துடுக்கைப் பொறுத்துக்கொள்வதும் இதே வகைதான். ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் சரிபார்க்கும் கோடு ரிவ்யூவில் "இதெல்லாம் யார் எழுதுனது, படிச்சுட்டுத்தான் வந்தீங்களா?" என்று அவர் ஒரு வரி எழுதினால், ஜூனியர்கள் அவரிடம் கோடு அனுப்புவதை முடிந்தவரை தள்ளிப்போடுவார்கள். நிறைய சேர்த்து வைத்து ரிலீஸுக்கு முந்தின நாள் அனுப்புவார்கள். பிறகு எந்தப் பிழையும் கண்ணில் படாது.

"நம்மகிட்ட அதெல்லாம் நடக்காது"

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. பத்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனமும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை தாங்க வேண்டும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் சட்டம் பொருந்தும். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். நம்மில் பலர் இதைப் பெரிய கம்பெனி சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். பன்னிரண்டு பேர் இருக்கும் அலுவலகத்தில், தொல்லை கொடுப்பவர் நிறுவனரின் நண்பராகவே இருந்தால் அந்தப் பெண் யாரிடம் போவார்? வெளி உறுப்பினர் வேண்டும் என்று சட்டம் சொல்வதன் அருமை சின்ன நிறுவனத்தில்தான் புரியும். அவருடைய போன் எண் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

தர்மசங்கடமான பேச்சு எழும்போது அதைத் தடைசெய்துவிடுவதும் ஆபத்து. பேஸ்கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் வேடிக்கையான பெயர்களைப் பட்டியலிட்டு வைக்கும் பழக்கம் இருந்தது. அது சரியா என்று ஊழியர்கள் கேட்டதில் தொடங்கிய விவாதம் வளர்ந்தது. 2021 ஏப்ரலில், நிறுவனத்தின் கணக்குகளில் சமூக, அரசியல் பேச்சு கூடாது என்று நிறுவனர்கள் அறிவித்தார்கள். அடுத்த சில நாட்களில் சுமார் அறுபது பேரில் மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினார்கள். இருபது வருடம் கல்ச்சரைப் பற்றி உலகுக்கே சொல்லிக் கொடுத்த நிறுவனம் அது.

எங்கள் அலுவலகத்தில் அந்தத் தீபாவளிக்குப் பிறகு ஒரே ஒரு விதியைச் சேர்த்தோம். யாராவது வாயால் ஒரு சிக்கலைச் சொன்னால், கேட்டவர்தான் அதை, சொன்னவர் கண்முன்னே, பதிவு செய்ய வேண்டும். இப்போது பார்க்க முடியாது என்றால் எப்போது பார்ப்போம் என்ற தேதியும் போட வேண்டும். முதல் மாதம் எனக்குப் பழகவே இல்லை. அந்த டெஸ்டர் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். பேச்சுவாக்கில் நான் "அப்புறம்" என்று இழுத்தால், "எந்தத் தேதி சார்?" என்று கேட்பவரும் அவர்தான்.